பிளான் இல்லை, பி.டி.எஃப். இருக்கிறது

“பிளான்னு ஒண்ணும் இல்ல ப்ரோ. பாரிஸ்ல இறங்குறோம், ரோம்ல ஏறுறோம். நடுவுல எங்க தோணுதோ அங்க.” கோடை முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, இந்த வசனம் மட்டும் ஓயவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய தொழிற்கூடங்கள் இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களின் கேன்டீன்களில் இப்போது அதன் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாகம் போவதற்கு முன்னால் சொல்வது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், டிக்கெட் போட்டவருக்குக் கொஞ்ச நாள் பேச உரிமை உண்டு. இரண்டாம் பாகம் திரும்பி வந்தபின் செய்கிற உபதேசம். “நீங்க எல்லாத்தையும் ரொம்ப பிளான் பண்றீங்க சார். லைஃப்ல கொஞ்சம் ஃப்ளோவுல போகணும்.” இது யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஆவடியில் காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தெரியாமலேயே முப்பது வருஷமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிற அக்கவுன்ட்ஸ்காரரிடம். அவர் ஃப்ளோவில் போகிற அளவுக்கு ஆற்றுத் தண்ணீர்கூடப் போயிருக்காது.

நான் பயணத்துக்கு விரோதி இல்லை. தி.நகருக்குப் போவதற்கே நேர அட்டவணை போட்டு, அதையும் இரண்டு தடவை திருத்துகிற ஜாதி என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கேன்டீன் உபதேசத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பிளான் இல்லாமல் ஐரோப்பாவைச் சுற்றி வந்தேன் என்கிற மேற்குச் சென்னைக்காரர், தன் ஆயுளிலேயே மிகக் கறாராகத் திட்டமிட்ட பதினைந்து நாளைத்தான் அப்படிச் சொல்கிறார். திட்டமே இல்லாத மிச்ச முந்நூற்றைம்பது நாளை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலேயே கழிக்கிறார். அதற்கு யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. இதுதான் என் வாதம்.  

முதலில் ஆதாரம். 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கில் ஷெங்கன் என்ற சின்ன ஊரை ஒட்டி, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து எல்லைச் சோதனைகளை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு 29 நாடுகள். உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. பூந்தமல்லியிலிருந்து திருமழிசைக்குப் போகிறவரைக்கூட வழியில் நாலு தடுப்புக் கட்டை நிறுத்துகிறது, பிரான்ஸிலிருந்து பெல்ஜியத்துக்குப் போகிறவரை ஒரு கட்டையும் நிறுத்துவதில்லை. அந்த அளவுக்குத் தளர்வு உண்மை. ஆனால் அந்தத் தளர்வுக்குள் நுழைய ஆவடிக்காரர் கொடுக்க வேண்டியவை: தங்கும் நாள் அத்தனைக்கும் விடுதிப் பதிவு, போகவும் வரவும் விமான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கின் மாதக்கணக்கான வரவு செலவு, வருமான வரிப் படிவம், சம்பளச் சீட்டு, “இவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை விடுமுறையில் செல்கிறார், பிறகு வேலைக்குத் திரும்புவார்” என்று கம்பெனி கையெழுத்துப் போட்ட கடிதம், பத்து விரல் ரேகை, 2024 ஜூன் 11 முதல் 80-லிருந்து 90 ஆன யூரோக் கட்டணம். இவ்வளவுக்கும் மேலே, மகுடமாக, டே-வைஸ் ஐட்டினரரி.

இந்த டே-வைஸைப் பற்றி யாரும் இதுவரை முறையாக எழுதவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் இவ்வளவு புனைகதை எழுதப்படுகிறது, விமரிசகர்கள் கண்டுகொள்வதே இல்லை. நாவலுக்குப் பரிசு உண்டு, சிறுகதைக்குப் போட்டி உண்டு. ஆனால் அச்சுக்கு வராமல், ஒரே ஒரு வாசகருக்காக எழுதப்பட்டு, அவர் பிடிக்கவில்லை என்று சொன்னால் 90 யூரோவும் போய்விடுகிற இந்த இலக்கிய வகைக்கு ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதல் நாள்: சென்னையிலிருந்து புறப்பாடு. இரண்டாம் நாள்: பாரிஸ் வருகை, விடுதியில் செக்-இன், மாலை ஐஃபில் கோபுரம். மூன்றாம் நாள்: காலை லூவர் அருங்காட்சியகம், மதியம் செய்ன் நதியில் படகு, மாலை ஓய்வாக உலாவுதல், 4 மணி முதல் 6 மணி வரை. இந்தக் கடைசி வரியை நின்று படிக்க வேண்டும். மனிதன் தன் விருப்பப்படி திரிவதற்கும் அதில் நேரம் குறித்திருக்கிறது. 6 மணிக்கு மேல் விருப்பம் தீர்ந்துவிட வேண்டும், ஏனென்றால் 6.30-க்கு இரவு உணவு.

கதாநாயகன் எப்படிப்பட்டவன் என்று பாருங்கள். அவனுக்குச் சளி பிடிப்பதில்லை. வயிறு கெடுவதில்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்த அன்றைக்கே கோபுரம் ஏறுகிறான். பிரஸ்ஸல்ஸில் மழை பெய்வதில்லை, ஆம்ஸ்டர்டாமில் அவன் எதிர்பாராத எந்த இடத்துக்குள்ளும் நுழைவதில்லை. ஏழாம் நாள் லூசெர்ன். எட்டாம் நாள் டிட்லிஸ் மலை, பனியில் புகைப்படம். ஒன்பதாம் நாள் வெனிஸ். எல்லா நாவலிலும் இதே வரிசை. காரணம், எழுதுகிறவர் ஒருவரே. பான் கார்டு திருத்தம், வாடகை ஒப்பந்தம், லேமினேஷன், கலர் ஜெராக்ஸ் என்று போர்டு மாட்டிய கடையில், கடைசி வரியாக ‘விசா கவர் லெட்டர் – ஐட்டினரரி’ என்று எழுதியிருக்கும். எழுத்தாளர் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் லூசெர்னில் மரப்பாலத்துக்கும் படகுத் துறைக்கும் நடுவில் எத்தனை நிமிஷ நடை என்று எழுதுவார். வேலை முறை எளிது: பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, அச்சடிப்பது. எல்லாப் பெயரும் மாறுவதில்லை. கல்யாணமாகாத பையனின் நாலாம் நாளில் “நானும் என் மனைவியும் குழந்தைகளும் கால்வாய்ப் படகில் செல்வோம்” என்று ஒரு வரி தப்பி நிற்கும். தேதி மாறியது, கிழமை மாறியதைப் பார்ப்பதில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை லூவர் வரும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகஸ்ட் பயணத்தில் கேகன்ஹாஃப் தோட்டத்து டியூலிப் பூக்கள் வரும். அந்தத் தோட்டம் மே நடுவில் பூட்டிவிடும். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு வரும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அங்கேயும் பூட்டு.

இதை இத்தோடு நிறுத்தலாம். நிறுத்த மனம் வரவில்லை, ஏனென்றால் கவர் லெட்டர் பாக்கி இருக்கிறது. டே-வைஸ் நாவல் என்றால் கவர் லெட்டர் அதன் முன்னுரை. அதில் நாயகன் தன் வேர்களைப் பற்றிப் பேசுவான். தாய் நாட்டில் தனக்கு ஆழமான பிணைப்புகள் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோமிலேயே தங்கிவிடுவான் என்று சந்தேகம். ஆகவே வயதான பெற்றோர் உண்டு என்று எழுதுவான். அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதுவான். திருமுல்லைவாயலில் இரண்டு படுக்கையறை பிளாட் இருக்கிறது, அதற்கு இன்னும் பதினேழு வருஷம் தவணை கட்ட வேண்டும் என்று எழுதி, வங்கியின் கடன் பத்திரத்தையும் பின்னால் இணைப்பான். ஒரு தமிழன் தன் வீட்டுக் கடனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஒரே கடிதம் உலகத்தில் இதுதான். மாமனாரிடம்கூட மறைத்த தொகை. கடன் இருக்கிறது, ஆகவே நான் திரும்பி வருவேன் என்பது அதன் தர்க்கம். யோசித்துப் பார்த்தால், கடன் இருக்கிற ஆள் திரும்பி வராமல் இருக்கத்தானே காரணம் அதிகம்? தூதரகத்தில் இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘டம்மி டிக்கெட்’ என்று ஒன்றும் உண்டு. விசா கிடைக்காமல் பணம் கட்டி டிக்கெட் எடுக்கப் பயம். டிக்கெட் பதிவு காட்டாமல் விசா கிடைக்காது. நடுவில், சில நாள் மட்டும் உயிரோடிருந்து பிறகு தானே காலாவதியாகிற ஒரு முன்பதிவு. போகாத விமானத்தில், தங்காத விடுதிக்கு, பூட்டிய அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிற ஒருவனைப் பற்றி ஐம்பது பக்கப் பி.டி.எஃப். தயாராகிறது. அதைச் சமர்ப்பித்துவிட்டு வந்த கையோடு, கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, “பிளான்னு ஒண்ணும் இல்ல ப்ரோ.”

ஆட்சேபம் ஒன்று உடனே வரும். அதெல்லாம் விசாவுக்காகக் காட்டுகிற காகிதம் சார். கையில் ஸ்டிக்கர் வந்தபின் எங்கே வேண்டுமானாலும் போகலாமே? விடுதிப் பதிவை ரத்து செய்துவிட்டு வேறு ஊருக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? சட்டப்படி இதில் நியாயம் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குவதாகச் சொன்னாரோ அந்த நாட்டில் விசா வாங்கியிருக்க வேண்டும், அந்தப் பெரிய உருவம் மாறக் கூடாது. அதற்குள்ளே லூசெர்னுக்குப் பதில் பெர்ன் போனால் யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி ஆள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறார். லீவு பதினைந்து நாள், அதில் மூன்று நாள் காம்ப்-ஆஃப். திரும்பும் டிக்கெட் ரோமிலிருந்து இன்ன தேதி. மலிவு விலையில் கிடைத்த ரயில் டிக்கெட் எல்லாம் பணம் திரும்பாத வகை; தேதி மாற்றக்கூடிய டிக்கெட் என்று ஒன்று அதே பக்கத்தில் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது, விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு, அதைப் பார்த்து மூடிவிட்டார். தளர்வு என்பது அங்கே ஒரு சரக்கு. காசு கொடுத்தால் தருவார்கள். 1959-லிருந்து விற்கிற யூரெயில் பாஸிலும் இதே கதை: ஒரு மாதத்துக்குள் விரும்பிய ஐந்து நாள், ஏழு நாள் என்று வாங்கிக்கொள்ளலாம், பேச்சுக்கு நல்ல சுதந்திரம், ஆனால் பிரான்ஸின் அதிவேக ரயிலில் ஏற வேண்டுமானால் இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும், அதற்குத் தனிக் காசு, பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடமும் கொஞ்சம்தான். பாஸ் வாங்கியவர் கடைசியில் லாபம் வருகிறதா என்று எக்செலில் கணக்குப் போட ஆரம்பிப்பார். எக்செல் திறந்த இடத்தில் ஃப்ளோ நின்றுவிடும்.

இந்த மாயைக்கெல்லாம் மூலம் ஷாருக் கான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஷெங்கன் நடைமுறைக்கு வந்த அதே 1995-ல்தான் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ வந்தது. ஐரோப்பாவில் ரயிலைத் தவறவிட்டால் காதல் வரும் என்று ஒரு தலைமுறையை நம்பவைத்த படம். ராஜும் சிம்ரனும் லண்டன்வாசிகள் என்பதைப் படம் பார்த்த யாரும் கணக்கில் எடுக்கவில்லை. படம் வந்தபோது சுவிட்சர்லாந்து ஷெங்கனிலேயே இல்லை. 2008 டிசம்பரில்தான் சேர்ந்தது. சிம்ரன் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து போயிருந்தால், ரயில் தவறிய நிமிஷத்தில் அவளுக்கு வந்திருக்கக்கூடியது காதல் இல்லை, அடுத்த ஊர் விடுதியின் ‘நோ-ஷோ’ கட்டணம் பற்றிய குறுஞ்செய்தி. டிட்லிஸ் மலைமேல் இன்றைக்கும் அந்த ஜோடியின் கட்-அவுட் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள நம்மவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எட்டாம் நாள், காலை 10 முதல் 11 வரை.

இப்போது கொஞ்சம் சீரியஸாகப் பேசலாம். ஐரோப்பியப் பையனும் பெண்ணும் முதுகுப் பையோடு இஷ்டப்படி திரிகிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. 1972-ல் இன்டர்ரெயில் பாஸ் வந்தபோது 21 வயது வரை உள்ளவர்களுக்கு என்று கொடுத்தார்கள். இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியமே பதினெட்டு வயதுக்காரர்களுக்கு இலவச ரயில் பாஸ் தருகிறது, 2018 முதல். அவர்கள் நிஜமாகவே காலையில் எழுந்து எங்கே போகலாம் என்று யோசிக்கிறார்கள். அது முடிகிறதென்றால் காரணம் அவர்களுடைய மனப் பக்குவம் இல்லை; வண்டி கறாராக இருப்பது. சுவிட்சர்லாந்தில் 1982-ல் ரயில் அட்டவணையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்: ஒரு ஊரிலிருந்து வண்டி 8.02-க்கு என்றால் 9.02, 10.02, 11.02. இந்த வண்டி வந்து சேரும் நேரத்துக்கும் அடுத்த வண்டி புறப்படும் நேரத்துக்கும் நாலைந்து நிமிஷம் பொருத்தி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் மனிதன் தாராளமாகச் சோம்பேறியாக இருக்கலாம். ஒரு காபி அதிகம் குடித்தால் நஷ்டம் ஒரு மணி நேரம், எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு மணி நேரம். வண்டியோ ஆளோ, யாராவது ஒருவர் கறாராக இருந்தால் போதும், மற்றவர் தளர்ந்துகொள்ளலாம். அங்கே அந்தப் பொறுப்பை வண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜெர்மனியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று அங்கே வேலை பார்க்கிற கொரட்டூர்க்காரர் யாராவது கோபப்படுவார். சரி. ஜெர்மன் ரயில்கள் இப்போது கந்தலாகிவிட்டன என்பது ஊரறிந்தது. 2024-ல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிஷத்துக்குள் வந்தால் நேரம்தான் என்று வைத்துக்கொண்டு. தாமதமாக வரும் ஜெர்மன் வண்டிகள் சிலவற்றை சுவிட்சர்லாந்து பாசல் நிலையத்திலேயே நிறுத்தி, ஆட்களைத் தன் வண்டிக்கு மாற்றிவிடுகிறது. உன் அழுக்குக் காலோடு என் வீட்டுக்குள் வராதே என்பதற்கு இதைவிட நாகரிகமான வழி கிடையாது. ஆனால் அந்த 62.5-ஐப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள ஐந்தைப் பாருங்கள். எண்ணியிருக்கிறார்கள், வெளியிட்டிருக்கிறார்கள், தலைகுனிந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் பணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி, சட்டப்படி திரும்பக் கிடைக்கும். நம்மூரில் காலை லோக்கல் அண்ணனூர் தாண்டி சிக்னலுக்கு நிற்கும்போது திரும்பக் கிடைப்பது பக்கத்தில் நிற்பவருடைய மூச்சு.

ஆகவே நிஜமான தளர்வுப் பயணி யார் என்று தேட வேண்டுமானால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் பாதையில்தான் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணி என்று எந்த வண்டி ரத்து, எது ஆவடியோடு நிற்கும் என்பது அன்றைக்கு ஸ்டேஷனில் நிற்கும்போது தெரியும். நடைமேடையும் அப்படித்தான், ஒலிபெருக்கி இரண்டாம் நடைமேடை என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி மூன்றில் வந்து நிற்கும், மேம்பாலப் படியில் ஏறி இறங்கும் கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்க மாட்டார். பாரிஸ் மெட்ரோவில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று பயணக் குறிப்புகளில் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். அதை ஒரு சாகசக் குறிப்பாக நம்மவர் படித்து மனப்பாடம் செய்கிறார். வில்லிவாக்கத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் மார்பில் பையைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள், பையைத் திருடுவார்கள் என்பதற்காக இல்லை, முதுகில் இருந்தால் ஆளை உள்ளே விட்டுப் பை வெளியே நின்றுவிடும் என்பதற்காக. அம்பத்தூரில் இறங்கி எஸ்டேட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ. அது எப்போது புறப்படும்? நிறைந்தால் புறப்படும். எப்போது நிறையும்? “இன்னும் ஒரே ஆளு சார், ஏறுங்க.” அந்த ஒரே ஆள் வந்தபின் இன்னும் ஒரே ஆள். வழியில் டன்லப் என்று ஒரு நிறுத்தம்; டன்லப் தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகிறது, நிறுத்தம் மட்டும் அதே பெயரில் நிற்கிறது, இல்லாத இடத்தில் ஜனங்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள். இதைவிடப் பிளான் இல்லாத வாழ்க்கையை ஐரோப்பாவில் 90 யூரோ கொடுத்தாலும் காட்ட மாட்டார்கள். பாஸ் விஷயத்திலும் நாமே முன்னால்: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, எத்தனை நாள் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும். யூரெயிலில் அப்படி ஒரு பாஸ் இல்லை. பஸ் எப்போது வரும் என்பதுதான் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, பஸ்ஸின் விருப்பத்துக்கு.

பூந்தமல்லியை விட்டுவிட்டால் குமணன்சாவடிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டருக்கு மெட்ரோ என்று சொல்லி, ட்ரங்க் ரோட்டில் வருஷக்கணக்கில் தகரத் தடுப்பு வைத்தார்கள். இன்றைக்கு இந்தப் பக்கம் விட்ட வண்டியை நாளைக்கு அந்தப் பக்கம் விடுவார்கள். வீட்டிலிருந்து போரூர் வரை எப்படிப் போவது என்பதைக் காலையில்தான் தீர்மானிக்க முடிந்தது. பேக்பேக்கர்கள் ‘ஆன் தி கோ’ என்று ஆசைப்படுவது இதற்குத்தானே? கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஒரு பகுதியை 2023 ஆகஸ்ட் கடைசியில் ஏழு மாதத்துக்கு என்று நிறுத்தினார்கள். 2024 அக்டோபர் கடைசியில் திரும்ப ஓடியது. ஏழு, பதினான்காயிற்று. ஆவடியிலிருந்து தரமணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பதினான்கு மாதமும் பார்க் ஸ்டேஷன் வாசலில் நின்று தினம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்களில் யாரும், எனக்குத் தெரிந்து, “ஜர்னிதான் டெஸ்டினேஷன்” என்று சொல்லவில்லை. அந்த வாக்கியம் சேரும் இடத்தில் ஒன்பது மணிக்கு ஸ்வைப் அடிக்க வேண்டாதவர்களுக்கானது.

அந்தக் காலத்தில் தமிழன் இதெல்லாம் இல்லாமல் உலகம் சுற்றவில்லையா என்று இன்னொரு ஆட்சேபம். சுற்றினான். ஏ.கே. செட்டியார் 1937 முதல் 1940 வரை கண்டம் விட்டுக் கண்டம் போனார். ஆனால் அவர் தோன்றிய இடத்துக்குப் போனவர் இல்லை. காந்தியைப் படம் பிடித்த சுருள் எந்த ஊரில் எவரிடம் இருக்கிறதோ அந்த ஊருக்குப் போனார், 1940-ல் ஆவணப்படத்தை வெளியிட்டார். போவதற்கு ஒரு வேலை இருந்தது. நிஜமாகவே பிளான் இல்லாமல் ஐரோப்பாவில் திரிந்த இந்தியர் வேண்டுமென்றால் நாராயண மூர்த்தி இருக்கிறார். 1974-ல் பாரிஸ் வேலையை விட்டுவிட்டு, வழியில் கிடைத்த வண்டிகளில் இடம் கேட்டு ஊர் திரும்பப் புறப்பட்டார். யூகோஸ்லாவியாவின் நிஷ் நகரத்தில் ஏறிய ரயிலில், உடன் வந்த பெண்ணிடம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவரை பல்கேரியக் காவலர்கள் இழுத்துப் போய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் ஓர் அறையில் பூட்டி வைத்து, பிறகு சரக்கு ரயிலில் ஏற்றி, இந்தியா நட்பு நாடு என்பதால் இஸ்தான்புல்லில் விடுகிறோம் என்றார்களாம். அவரே பல மேடைகளில் சொன்னது. இடதுசாரிக் குழப்பத்தோடு ஏறியவர் முதலாளித்துவத்தில் தெளிவோடு இறங்கினார். 1981-ல் இன்போசிஸ். தளர்வாகப் புறப்பட்ட அந்த ஒரு பயணத்தின் பலன், லட்சக்கணக்கானவர்கள் நேரத்துக்கு கார்டு தேய்ப்பதில் வந்து முடிந்திருக்கிறது. பிளான் இல்லாமல் போகிறவர்களை ஊக்குவிக்கும் முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. அவர்கள் வீடு, அவர்கள் கதவு. யாரை விடுவது என்று கேட்டுத்தானே விடுவார்கள்? வந்தவர்களில் சிலர் திரும்பாமல் தங்கிவிடுவதும் உண்மைதானே? ஒப்புக்கொள்கிறேன். கேட்பதில் தப்பில்லை. 2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 15 சதவீதம் நிராகரிப்பு, கட்டணம் திரும்ப வராது. அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு சலுகையும் அறிவித்தார்கள்: மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி, ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியிருந்தால், அடுத்தது இரண்டு வருஷ விசா, அதற்கடுத்து ஐந்து வருஷம். அதாவது இரண்டு தடவை டே-வைஸ் நாவலின்படி நடந்து காட்டினால் மூன்றாம் தடவை ஃப்ளோவில் போகலாம். நியாயமான ஏற்பாடுதான். என் எரிச்சல் அவர்கள் மீது இல்லை. நம்மவர் ஒருவர் முதல் விசாவிலேயே, பத்து விரல் ரேகையையும் அப்பாவின் சர்க்கரை அளவையும் கொடுத்துவிட்டு வந்து, அக்கவுன்ட்ஸ்காரரிடம் “விட்டுத் தள்ளுங்க சார்” என்கிறாரே, அதன் மீதுதான். அவருடைய நாற்பது லிட்டர் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஆவக்காய், மேகி பன்னிரண்டு பாக்கெட், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டில். நெய் மட்டும் இல்லை, வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் சேர்ந்த பொருள் கொண்டுவரக் கூடாது என்பது அவர்கள் விதி. ரோமில் எங்கே தூங்குவது என்பதை விதிக்கு விட்டவர், ரோமில் எதைத் தின்பது என்பதை நாள்வாரியாகப் பிரித்து, ஜிப் லாக் உறையில் போட்டு, மேலே மார்க்கரால் எழுதி வைத்திருப்பார்.

வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்தத் தூதரக அதிகாரியிடம் ஆவடிக்காரர் ஒருவர், ஆவடியிலிருந்து தரமணிக்கு ஒரு வாரத்துக்கு டே-வைஸ் எழுதிக் கொடுக்கட்டும். திங்கள்: 7.10 லோக்கல், வராவிட்டால் 7.25, அதுவும் வராவிட்டால் சி.டி.எச். ரோட்டில் கிடைக்கிற பஸ். பாடியில் இறங்கலாமா வேண்டாமா என்பது பாடி மேம்பாலத்தைப் பார்த்தபின். செவ்வாய்: மழை பெய்யாவிட்டால் மேற்படி, பெய்தால் கொரட்டூர் சுரங்கப்பாதையில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்காவது போன் செய்தபின். புதன்: யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று சாலை நிறுத்தம், எத்தனை மணிக்கு என்பது அறிவிக்கப்படவில்லை. தங்குமிடச் சான்று: வீடு, இரவு எத்தனை மணி முதல் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அவர்களுடைய நிராகரிப்புப் படிவத்தில் காரணங்களை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். பயண நோக்கமும் சூழ்நிலையும் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு கட்டம். தந்த தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று இன்னொன்று. குறித்த காலத்துக்குள் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது என்று இன்னொன்று. மூன்றிலும் டிக் விழும். மூன்றும் சரியாகவே இருக்கும்.